நாற்பத்தாறு மார்க்

அந்தப் பல்கலைக்கழகத்தில் பரீட்சையை ஒழித்துவிட்டிருந்தார்கள். ரோஷிணி சேர வந்தபோது அதைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். மனப்பாடம் செய்ததை மூன்று மணி நேரத்தில் கொட்டிவிட்டு மறந்துபோகிற வேலையெல்லாம் இங்கே கிடையாது, முதல் நாளிலிருந்தே புராஜெக்ட்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒரு டீம். டீமுக்கு ஒரு நிஜப் பிரச்சினை கொடுப்பார்கள். குப்பை லாரி எந்தத் தெரு வழியாகப் போனால் டீசல் மிச்சமாகும், வெயில் காலத்தில் எந்த வார்டுக்கு முதலில் தண்ணீர் லாரி போக வேண்டும், இப்படி. கம்ப்யூட்டருக்குள் நகரத்தின் பிரதி ஒன்று தெருத்தெருவாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் செய்து பார்க்க வேண்டும். நன்றாக வந்தால் மார்க்.

மார்க் போடுவது வாத்தியார் இல்லை. 'வலவன்' என்று ஒரு நிரல். தேரோட்டிக்குப் பழைய தமிழில் அப்படி ஒரு பெயர் உண்டாம், யாரோ தேடிப்பிடித்து வைத்திருந்தார்கள். மார்க் போடுவதோடு அது நிற்காது. எந்தத் தீர்வு அதிக மார்க் வாங்கியதோ அதைக் கற்றுக்கொண்டு, கற்றதை வைத்து நிஜ நகரத்தை நடத்தும். மாநகராட்சியோடு அப்படி ஓர் ஒப்பந்தம். சிக்னல், குடிநீர், ஏரி மதகு எல்லாம் அதன் பொறுப்பு.

"நீங்க இங்க பண்றது குப்பைக்குப் போற அசைன்மென்ட் இல்ல. நாளைக்கு இந்த ஊரே அதுலதான் ஓடப்போகுது," என்றார் பேராசிரியர் ஹேமலதா முதல் வகுப்பில். தருமபுரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரின் மகளான ரோஷிணிக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்து அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னாள்.

கடைசி வருடம் அவள் டீமுக்கு ஒரு ஏரி வந்தது. டீமில் மூன்று பேர். தலைவி ரோஷிணி, அப்புறம் முபாரக், எபினேசர். முபாரக் எதற்கும் சிரிப்பவன். எபினேசர் அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். உயரமாக, சற்றுக் கூன் போட்டு நடப்பான். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் விட்டுக்கொடுக்கத் தெரியாது.

ஏரிக்குப் பெயர் இல்லை. பெயர் தெரிந்தால் பிள்ளைகள் சொந்தபந்தம் பார்த்து யோசிப்பார்கள் என்று வலவன் எல்லாப் பெயரையும் எடுத்துவிடும். வரைபடத்தையும் திருப்பிப் போட்டுவிடும். பகுதிகளுக்கு எழுத்து மட்டும்தான். ஏரி நிரம்புகிறது, மழை விடவில்லை. மூன்று மதகுகள் இருக்கின்றன. ஒன்றைத் திறந்தால் தண்ணீர் 'அ' பகுதிக்குள் போகும், இன்னொன்றைத் திறந்தால் 'இ' பகுதிக்குள். மூன்றாவது கடலுக்குப் போகிற கால்வாய், ஆனால் குறுகல். எதையும் திறக்காமல் விட்டால் கரை உடைந்து ஊரே போகும்.

ரோஷிணி ஒரு வாரம் தூக்கம் கெட்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைசிவரை மூன்று மதகையும் மூடியே வைத்திருப்பது. பாதிக்குப் பாதி மழை அதற்குள் நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது, நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. நிற்காவிட்டால் கடைசி நேரத்தில் 'இ' பகுதி மதகை மட்டும் முழுசாகத் திறந்துவிடுவது. போட்டுப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று. அந்த வருடத்தில் யாரும் எடுக்காத மார்க்.

முபாரக் எழுந்து ஒரு குத்தாட்டம் போட்டான். எபினேசர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இ-யில என்ன இருக்கு?" என்றான்.

"சின்னச் சின்ன வீடு. ஓடு, ஷீட்டு. மதிப்பு கம்மி, அதான் நஷ்டமும் கம்மியா வருது."

"ஆளுங்க?"

"எச்சரிக்கை மெசேஜ் போகுதுல்ல. மெசேஜ் போய் முக்கால் மணி நேரத்துல அந்தப் பகுதி காலின்னு எடுத்துக்கணும். அது ரூலு எபி, நான் வெச்சதில்ல."

"மெசேஜ் வந்தா கெளம்பிடுவாங்களா? மழைக்காலத்துல நாளைக்கு அஞ்சு மெசேஜ் வருது. எவன் படிக்கிறான்? படுத்த படுக்கையா கெடக்கறவங்க இருக்க மாட்டாங்களா?"

"டேய், அது கம்ப்யூட்டர் ஜனங்கடா," என்றான் முபாரக். "சொன்னா கேட்டுக்குவாங்க."

எபினேசர் சிரிக்கவில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டு ரோஷிணியின் பக்கம் வந்தான். "இந்த இ எங்க பகுதிதான். நெட்டிப்பள்ளம். கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டிருக்கான், அவ்வளவுதான். இந்த வளைவைப் பாரு, நடுவுல வெத்துச் சதுரம் ஒண்ணு இருக்கே, அது கல்லறைத் தோட்டம்."

"எல்லா ஊர்லயும்தான் வளைவு இருக்கு, கல்லறை இருக்கு."

அவன் அதோடு விடவில்லை. அந்த வாரம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து இன்னொரு திட்டம் போட்டான். காலையிலேயே மூன்று மதகையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டியது. ஊர் முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். யாரும் சாக மாட்டார்கள். ஆனால் 'அ' பகுதியில் அடுக்குமாடிகளுக்குக் கீழே கார் நிறுத்துகிற தளங்கள் இருந்தன, மின்சார அறைகள் இருந்தன. எல்லாம் நனையும். வலவன் நாற்பத்தாறு மார்க் போட்டது. பாஸ் மார்க் அறுபது.

"நம்ம டீம் பேர்ல இதைக் குடுப்போம்," என்றான்.

"பெயிலாகறதுக்கா? எபி, முதல் டீமுக்குத்தான் இங்கயே வேலை தர்றாங்க. எனக்கு அந்த வேலை வேணும். திரும்பி ஊருக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு உக்கார முடியாது."

"அப்ப நான் தனியா குடுக்கறேன்."

மாற்றுத் தீர்வு என்று தனியாகவும் கொடுக்கலாம், அதற்கு இடமிருந்தது. கொடுத்தான். புராஜெக்ட் முடிந்ததும் டீமில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பீடு எழுத வேண்டும். ரோஷிணி, 'டீம் முடிவுக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி ஐந்துக்கு இரண்டு போட்டாள். எழுதும்போது அவளுக்கு உறுத்தல் எதுவும் இல்லை. நடந்ததைத்தானே எழுதினாள்.

எபினேசர் பெயிலானான். அந்த வருடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள், அவன் வரவில்லை. தண்ணீர் கேன் போடுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறான் என்று முபாரக் ஒரு தடவை போனில் சொன்னான்.

ரோஷிணிக்கு வேலை கிடைத்தது. வலவனின் கண்காணிப்பு அறையில் பகல் நேரப் பொறுப்பு. கண்காணிப்பு என்று பெயரே தவிரப் பெரிதாக வேலை இல்லை. வலவன் தான் செய்யப்போவதை ஸ்கிரீனில் வரிசையாகப் போடும். முதல் வரியில் அது தேர்ந்தெடுத்த வழி. அதன் கீழே அறுபது மார்க்குக்கு மேல் வாங்கிய வேறு நாலைந்து வழிகள். பொறுப்பில் இருப்பவர் விரும்பினால் அவற்றில் ஒன்றை எடுக்கலாம், காரணம் எழுத வேண்டும். யாரும் எடுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் வெள்ளேரி என்கிற அந்த ஏரியின் நிஜ வரைபடத்தைப் பார்த்தாள். வடக்கே அடுக்குமாடிகள் நிறைந்த ஹரித நகர், தெற்கே நெட்டிப்பள்ளம், நடுவில் கல்லறைத் தோட்டம். எபினேசர் சொன்னது சரிதான் என்று நினைத்தாள். அதற்குள் டீ வந்துவிட்டது.

இரண்டாம் வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளும் விடவில்லை. அன்று காலை ரோஷிணி பணிக்கு வந்து உட்கார்ந்தபோது வெள்ளேரி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. மூன்று மதகும் மூடியிருந்தன. ஸ்கிரீனில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. காத்திரு, பின் தெற்கு மதகை முழுமையாகத் திற. மதிப்பெண் தொண்ணூற்று இரண்டு. அதன் கீழே வழக்கமாக இருக்கும் வேறு வழிகள் எதுவும் இல்லை. வெறும் வெள்ளை.

அவள் இரண்டு தடவை ஸ்கிரீனைப் புதுப்பித்துப் பார்த்தாள். அதே வரி. அது தன்னுடைய புராஜெக்ட் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. 

ஜன்னலுக்கு வெளியே மழை சாம்பல் சுவர் மாதிரி நின்றது. அவள் போனை எடுத்துப் பழைய எண்ணைத் தேடினாள். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தான்.

"எபி, நான் ரோஷிணி."

"யாரு? சத்தமா சொல்லு, மழை."

"ரோஷிணி. நீ எங்க இருக்க?"

"ஹரித நகர்ல. கேன் எறக்கிட்டிருக்கேன். என்னா திடீர்னு?"

"நெட்டிப்பள்ளத்துல உன் வீட்ல யாரு இருக்கா?"

கேன் ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "அக்கா இருக்கு. ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாத்துட்டு வந்து படுத்திருக்கும். ஏன்?"

"உடனே போய்க் கூட்டிக்கிட்டு வா. மழை நிக்கலன்னா மத்தியானத்துக்குள்ள தெற்கு மதகைத் தெறந்துடும்."

"மெசேஜ் ஒண்ணும் வரலயே."

"தெறக்கறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடிதான் வரும்."

  "நம்ம புராஜெக்டா?" என்றான்.

"ஆமா."

"ரோஷிணி, இன்னும் நேரம் இருக்கு. மூணையும் இப்பவே தெற. வடக்கு மூணு அடி, தெற்கு ரெண்டு அடி, கால்வாய் முழுசா. மழை கொறைஞ்சா வடக்கை ஒரு அடிக்கு எறக்கிடு. என் பிளான் அங்க இருக்குமில்ல? இல்லன்னா நான் சொல்றதை எழுதிக்கோ." எதையும் பார்க்காமல், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு வருடமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவன்போல. "போட்டுட்டியா? நான் வண்டியை எடுக்கறேன்."

அவள் போட்டாள். வலவன் சிறிதும் யோசிக்கவில்லை. 'மதிப்பெண் நாற்பத்தொன்று. அறுபதுக்குக் குறைந்த திட்டத்தைச் செயல்படுத்த இயலாது.' காலையிலிருந்து நேரம் போய்விட்டதால் படிக்கும்போது வாங்கிய நாற்பத்தாறு கூட வரவில்லை.

அவள் மாடிக்கு ஓடினாள். ஹேமலதா தன் அறையில் நின்றபடி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ரோஷிணி சொன்னதை முழுக்கக் கேட்டார். 

"தீயணைப்புக்காரங்களுக்குச் சொல்றேன். போலீசுக்கும்," என்றார்.

"அவங்க போய் வீடு வீடா தட்டறதுக்குள்ள முடிஞ்சிடும் மேம். மதகை நம்ம தெறப்போம். நீங்க கையெழுத்துப் போட்டா வலவன் விட்டுடும்ல?"

"விடாது."

"நீங்கதானே அதைக் கட்டினீங்க!"

"நான்தான் கட்டினேன். பூட்டையும் நான்தான் போட்டேன்." ஹேமலதா நாற்காலியில் உட்கார்ந்தார். "முன்னாடி ஒரு வெள்ளத்துல ஒரு பெரிய மனுஷன் போன் பண்ணி மதகைத் தெறக்கச் சொன்னாரு. அவரு சம்பந்தி வீட்டுக்குள்ள தண்ணி வரக்கூடாதாம். என்ஜினியர் பயந்துக்கிட்டு தெறந்துட்டாரு. எந்தப் பக்கம் போச்சு தெரியுமா தண்ணி? இதே நெட்டிப்பள்ளத்துக்குத்தான். அதுக்கப்புறம்தான் இனிமே எந்த மனுஷன் கையும் படக்கூடாதுன்னு முடிவு பண்ணோம். மதகுல கையால சுத்தற சக்கரத்தைக்கூடக் கழட்டியாச்சு. அந்த ஜனங்களுக்காகத்தான் செஞ்சோம் ரோஷிணி."

"இப்ப அந்த ஜனங்களுக்காகத் தெறங்க மேம்."

"எதைத் தெறக்கச் சொல்ற? எங்கிட்ட சாவி இல்ல. ஒருத்தர்கிட்டயும் இல்ல."

அவர் பதினைந்து பேருக்காவது போன் செய்தார். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வலவனிடமிருந்து எச்சரிக்கை வந்ததும் ஆட்களை அனுப்புகிறோம். ஒரு ஸ்டேஷன் மட்டும் இரண்டு வேன் அனுப்பியது.

ரோஷிணி கீழே வந்தபோது எச்சரிக்கை மெசேஜ் போய்விட்டிருந்தது. நெட்டிப்பள்ளம் ஸ்கிரீனில் மஞ்சளாக மாறியிருந்தது. எபினேசர் போன் செய்தான். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்.

"பாலத்துல சிக்னல் விழமாட்டேங்குது! எதிர்ப்பக்கம் மட்டும் விட்டுக்கிட்டே இருக்கு. உள்ள போற பக்கம் கட்டையைப் போட்டு மூடிடுச்சு."

அவளுக்குத் தெரியும். காலி செய்யும் பகுதிக்குள் யாரும் நுழையக்கூடாது. வேறொரு டீமின் புராஜெக்ட் அது. அதுவும் நல்ல மார்க் வாங்கியது.

"வண்டியைப் போட்டுட்டு ஓடு எபி. கட்டைக்குக் கீழ பூந்து ஓடு."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன். அக்கா போனை எடுக்கல. தூங்கும்போது அணைச்சிடும். நீ கொஞ்சம் நிறுத்தி வெய்யி ரோஷிணி. ஒரு பத்து நிமிஷம். நிறுத்தி வெய்யேன்."

அவள் விசைப்பலகையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'பத்து நிமிடம் தாமதப்படுத்து' என்று தட்டினாள். ஐம்பத்தேழு மார்க். 'ஐந்து நிமிடம்' என்று தட்டினாள். அதற்குப் பதில் வருவதற்குள் நெட்டிப்பள்ளம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது. பச்சை என்றால் அங்கே ஆட்கள் இல்லை. தெற்கு மதகு திறந்துகொண்டது.

மதகடியில் ஒரு கேமரா இருந்தது. அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. வடக்குப் பக்கத்துக் கேமராவில் ஹரித நகரின் காவலாளி ஒருவன் குடைபிடித்துக்கொண்டு ஏரியில் தண்ணீர் இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோரு பேர் இறந்தார்கள். எபினேசரின் அக்கா ஜெபராணியும் அதில் ஒருத்தி. அவளுக்குத் திருமணம் ஆகவில்லை. அம்மா அப்பா போன பிறகு தம்பியைப் பல்கலைக்கழகம்வரை படிக்க வைத்தவள் அவள்தான். எபினேசர் வீட்டை எட்டியபோது தண்ணீர் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்றவர்கள் அவனைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டார்கள். அவனுக்கு அதுகூடப் பிடிக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

விசாரணைக் குழு ஒன்று வந்தது. நாகரிகமானவர்கள், ரோஷிணியிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். வலவன் தான் கற்றுக்கொண்டபடி நடந்திருக்கிறது, எச்சரிக்கை உரிய நேரத்தில் போயிருக்கிறது, ஊரின் மொத்த நஷ்டம் இருந்திருக்கக்கூடியதில் மிகக் குறைவானது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மார்க் போடும் முறையை மாற்ற வேண்டும் என்று அவள் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அடுத்த மறுஆய்வு மூன்று வருடம் கழித்து வருகிறது, அப்போது கட்டாயம் கவனிக்கிறோம் என்றார்கள். அதில் ஒருவர் அவளுக்கு டீ சொல்லி, குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

கார்த்திகை பிறந்தபின் ஒரு நாள் ஹேமலதா அவளை அறைக்குக் கூப்பிட்டார். ராஜினாமா செய்யப்போவதாகச் சொன்னார். ஆனால் கூப்பிட்டது அதற்காக இல்லை.

"அன்னிக்குக் காலையில ஸ்கிரீன்ல ஒரே ஒரு வழிதான் இருந்துச்சுன்னு சொன்னல்ல," என்றார். "ஏன்னு தேடிப் பாத்தேன்."

"வேற வழி இல்ல, அதான் காட்டல."

"இருந்துச்சு. கையால நானே போட்டுப் பாத்தேன். காலையில ஆரம்பிச்சிருந்தா, அந்தப் பையனோட பிளான்ல வடக்கு மதகை மட்டும் கொஞ்சம் கொறைச்சிருந்தா அறுபத்தெட்டு மார்க் வந்திருக்கும். நெட்டிப்பள்ளத்துல இடுப்பளவு தண்ணி நின்னிருக்கும். கஷ்டந்தான், ஆனா யாரும் செத்திருக்க மாட்டாங்க. ரெண்டாவது வரியில வந்திருக்கும். நீ எடுத்திருக்கலாம்."

  "அப்ப ஏன் வரல?"

"அது ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வழியை யோசிச்சுப் பாக்கும். அன்னிக்கு மூணு மதகையும் சேத்துத் தெறக்கற வழியை ஒண்ணைக்கூட யோசிக்கல. அந்தப் பக்கமே திரும்பல." ஹேமலதா ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "தோத்த புராஜெக்டை அழிச்சிடுவோம்னுதான் பசங்க நெனக்கறீங்க. நாங்க அழிக்கறதே இல்ல. ஜெயிச்சதுலேருந்து கத்துக்கறதைவிட அது தோத்ததுலேருந்துதான் அதிகமா கத்துக்கும். இந்த வழியில போகாத, அக்கம்பக்கத்துலகூட போகாதன்னு கத்துக்கும். மூணு மதகையும் சேத்துத் தெறக்கற வழியில இதுவரைக்கும் போன ஒரே ஆளு எபினேசர்."

"அவன் அதைக் குடுக்காம இருந்திருந்தா..."

"தானாவே அதுக்குத் தட்டுப்பட்டிருக்கும்."



"அந்த அறுபத்தெட்டு மார்க் பிளானை இப்பக் குடுப்போம் மேம். நானே குடுக்கறேன். இனிமேயாவது கத்துக்கட்டும்."

"குடுத்துப் பாத்துட்டேன். இப்ப அம்பத்திரண்டுதான் வருது. வெள்ளத்துக்கப்புறம் நெட்டிப்பள்ளத்துல பாதி வீடு இல்ல. இருக்கற வீட்டுக்கும் மதிப்பு எறங்கிடுச்சு. அங்க முங்கறதுக்கு இனிமே பெருசா ஒண்ணுமில்ல, அதைக் காப்பாத்த ஹரித நகரை நனைக்கறது வீண்னு அது நெனக்குது." பிறகு, "அந்தப் பையன்கிட்ட இதைச் சொல்லணுமா வேணாமான்னு எனக்குத் தெரியல. உன்கிட்ட விட்டுடறேன்," என்றார்.

பேராசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிய செமஸ்டர் தொடங்கிய அன்று எபினேசர் வந்தான். ரோஷிணி கேன்டீனுக்குப் போகிற வழியில் அவனைப் பார்த்தாள். முன்பைவிடக் கூன் கூடியிருந்தது. சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். அவள் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றாள். அவனே அருகில் வந்தான்.

"திரும்பச் சேத்துக்கிட்டாங்க. விட்ட வருஷத்துலேருந்து," என்றான். "பாதிக்கப்பட்டவங்களுக்கு இடம் இருக்காம்."

இரண்டு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் அக்காவைப் பற்றிப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஐந்துக்கு இரண்டு போட்டதற்கு மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுத்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டான்.

"அதை விடு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ராத்திரி பகலா அதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்." காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நான் குடுத்தேனே ஒரு பிளான், அதை வலவன் பாத்துச்சா? இல்ல பெயிலுன்னு தூக்கிப் போட்டுட்டாங்களா?"

ரோஷிணி அவன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். உண்மையைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பாக்கல எபி," என்றாள். "அன்னிக்கே அழிச்சிட்டாங்க."

அவன் நீளமாக மூச்சு விட்டான். தோள் கொஞ்சம் இறங்கியது. "நெனச்சேன். பாத்திருந்தா செஞ்சிருக்கும்ல?"

"செஞ்சிருக்கும்."

"அப்ப சரி. அதுக்குத்தான் வந்தேன்." அவன் குரலில் வெகு நாளைக்குப் பிறகு ஓர் உயிர் வந்திருந்தது. "பாஸ், பெயிலு எதுவும் எனக்கு வேணாம். மாத்துத் தீர்வுன்னு எத்தனை தடவை வேணாலும் குடுக்கலாம், கேட்டுட்டேன். தெனம் குடுக்கப்போறேன். ஒரு தடவை அழிப்பாங்க, ரெண்டு தடவை அழிப்பாங்க. தெனம் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாளைக்குக் கத்துக்காமலா போயிடும்? அடுத்த மழைக்குள்ள கத்துக்கும்."

"எபி..." என்றாள்.

"என்ன? தப்பா?"

கேன்டீனில் முதல் வருடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து உட்கார்ந்து தங்கள் டீமுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சிரிப்பு. ரோஷிணி வாயைத் திறந்தாள். அவன் காத்திருந்தான். ஒரே ஒரு வாக்கியம் போதும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவன் இந்த நாற்காலியிலிருந்து எழுந்து எங்கே போவான் என்றுதான் தெரியவில்லை.

"தப்பில்ல," என்றாள்.

இருவரும் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். அவன் தன் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தான். ஏரியைத் திறந்து, வடக்கு மூன்று அடி, தெற்கு இரண்டு அடி, கால்வாய் முழுசாக என்று நிதானமாகப் போட்டான். மாற்றுத் தீர்வு என்பதை அழுத்தி அனுப்பினான். மார்க் வந்தது. முப்பத்தெட்டு.

"அன்னிக்கு நாப்பத்தாறு வந்துச்சே," என்று நெற்றியைச் சுருக்கினான். "எங்கயோ தப்பாப் போட்டுட்டேன்போல." அவளைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். "பரவால்ல. பாத்துச்சுல்ல, அது போதும்."

ரோஷிணி ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவன் இன்னொரு தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்து, அனுப்பினான்.